குத்தூசி அண்ணாச்சி மெத்தை பார்த்த கதை

மட்டாஞ்சேரியில் கடலை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு, கப்பலை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு, கடவுளை நம்பிப் பிழைத்தவர்களும் உண்டு. எதையுமே நம்பாமல் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் குத்தூசி அண்ணாச்சிதான். காலையில் சூரியன் நேரத்துக்கு உதித்தால்கூட, "இன்னைக்கு என்ன, இப்பிடிச் சரியா வந்துட்டான்?" என்று கண்ணைச் சுருக்கி மேலே பார்ப்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மிளகுத் தரகரிடம் சாம்பிள் எடுப்பது அவர் வேலை. குத்தூசி என்றால் முழ நீளத்தில் கூர் வைத்த இரும்புக் குழாய். சாக்கில் குத்தினால் உள்ளே இருக்கும் மிளகு குழாய் வழியாக உள்ளங்கைக்கு வந்து விழும். அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடப்பார். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், சாவு வீட்டுக்கும் அப்படித்தான்.

எந்தச் சரக்கானாலும் மூன்று குத்து. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. "மூட்டை வாயில இருக்கது விக்கவன் மூஞ்சி. அடியில கெடக்கதுதான் அவன் மனசு" என்பார். முதல் குத்துக்கே குறை சொல்லத் தொடங்கிவிடுவார். ஈரம் என்பார், பதர் என்பார், பப்பாளி விதை என்பார். நல்ல சரக்கு என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மூன்றாவது குத்துக்குப் பிறகும் வாயைத் திறக்காமல் நின்றால் சரக்கு தேறிவிட்டது என்று அர்த்தம். சுமட்டுக்காரர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திறக்கவில்லையா, மூட்டை தலைக்கு ஏறிவிடும்.

நான் அடுத்த பாண்டிகசாலையில் சுக்கைச் சுத்தம் பண்ணி, வெளுப்புக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். என் கை பட்ட சுக்கைத் திருப்பி அனுப்பிய கம்பெனி கிடையாது. அண்ணாச்சி மட்டும் போகிற போக்கில் ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து, "சுண்ணாம்பு கூடிப்போச்சோ, தங்கச்சி?" என்பார்.

"அது நீங்க போட்டிருக்க வெத்தலையில உள்ள சுண்ணாம்பு, அண்ணாச்சி" என்பேன். நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசியவள் இல்லை.

எர்ணாகுளம் படகில் ஏறினால் உயிர் காக்கும் வளையத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். ஆபத்துக்கு அவிழுமா என்று கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் இழுத்த இழுப்பில் வளையம் கழன்று அவர் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது. மாட்டினது வரவில்லை. அதைப் பார்த்த ஒரு அம்மா, "அய்யோ, போட்டு முங்குந்நே!" என்று படகே மூழ்குகிற மாதிரி அலற, படகே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எல்லாரையும் உட்காரவைப்பதற்குள் படகோட்டிக்குத் தொண்டை கட்டிப்போனது. அண்ணாச்சி வளையத்தோடு கரை இறங்கி, "அவிழும். ஆனா கழுத்தளவு சரியில்ல" என்றார்.

அவர் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். பெண்ணின் அப்பா முற்றத்தில் கட்டியிருந்த பசுவைக் காட்டி, ஈத்துக்கு எவ்வளவு பால், என்ன குணம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பசு யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேரே பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போய் அதன் இடத்தில் நின்றுகொண்டது. அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்து, "மாடுதான் இரவல். பிள்ளை சொந்தம்தானே? அப்ப தேதி பாருங்க" என்று அவரே முடித்துவைத்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவர் செல்லம் மதினி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். விடியுமுன் மதினி அடுப்படிச் சாம்பலை வாரும் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். காய்ச்சல் அன்றைக்கும் அந்தச் சத்தம் நின்றதில்லை. வெளியூர் போனால் தங்குகிற வழக்கமும் கிடையாது. "அடுத்தவன் வீட்டுத் தாழ்ப்பாள நம்பித் தூங்கச் சொல்லுதியா?" என்று அண்ணாச்சி அன்றைக்கே திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்.

எண்பதுகளில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து உரக்கப் படித்தார். மலையடிவாரத்தில் ஒரு எஸ்டேட் முதலாளி பெரிய கேளிக்கைப் பூங்கா கட்டியிருக்கிறாராம். ராட்சத ராட்டினம், சறுக்கு, கலர் தண்ணீர். தங்குவதற்குப் பூங்காவுக்குள்ளேயே சொந்தமாக இரண்டு ஹோட்டல். காலையில் படுக்கைக்கே காப்பி வரும்.

மதினி எங்கள் கொல்லையில் மத்தி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றுவிட்டது.

"படுக்கைக்கா? எந்திரிக்கதுக்கு முன்னாலயா?"

"ஆமா மதினி, அப்படித்தான் போட்டிருக்கு."

மீனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கு ராட்டினமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் பிள்ள. ஒரே ஒரு காலையில, நான் எந்திரிக்கதுக்கு முன்னால வேற யாராவது அடுப்பு பத்த வச்சிருக்கணும். அது போதும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் அன்றே அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"பூங்கா சரி" என்றார் அவர். "பாத்துட்டு வரலாம். ஆனா ராட்டினம் விக்கவன் எதுக்கு மெத்தையும் விக்குதான்? அதச் சொல்லு. தலையச் சுத்த வுடுதான். சுத்தின தலைக்கு மெத்தைய விக்குதான். ரெண்டு பக்கமும் அவனுக்குத்தான் யாவாரம்."

"உள்ளே தங்கினா கூட்டம் வர்றதுக்கு முன்னால காலையில ராட்டினம் ஏறலாமாம், அண்ணாச்சி."

"ஏறலாம்லா! ராட்டினம் நல்லா ஓடுதான்னு முதல்ல நம்மள வச்சுப் பாத்துக்கிடுவான். அப்பறந்தான் மத்தவன ஏத்துவான்."

அன்றிலிருந்து மழைக்காலம் முடியும்வரை விசாரணைதான். உள்ளே தங்குவதா, வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்குவதா? லாட்ஜில் மூட்டைப்பூச்சி இருக்கும், ஆனால் அது ஒளிவுமறைவு இல்லாமல் கடிக்கும். ஹோட்டலில் என்ன கடிக்கும் என்றே தெரியாது. லாட்ஜ் பிடிக்காவிட்டால் தெருவில் இறங்கி நடக்கலாம். பூங்காவுக்குக் கேட் உண்டு, பூட்டுகிறவன் அவன். களமசேரி கம்பெனியிலிருந்து அந்தப் பூங்காவுக்குப் போய் வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு சாயா வாங்கிக் கொடுத்து விசாரித்தார். அந்த ஆள் பாவம், மெத்தை அருமை, வெந்நீர் அருமை, எல்லாமே அருமை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி முகம் கறுத்துத் திரும்பினார். "ஒரு குறைகூடச் சொல்லல. அவனுக்கு அங்க எவனோ சொந்தக்காரன் இருக்கான்."

மதினி விளம்பரத்தைக் கத்தரித்துத் தரச் சொல்லி அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டதை மட்டும் நான் பார்த்தேன்.

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். "வாங்காம முதல்ல சாம்பிள் பாருங்க அண்ணாச்சி. மெத்தையும் சரக்குதானே?"

கண் பளிச்சென்றது மனிதருக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஓட்டும் வேனில் நாலு பேரும் கிளம்பினோம்.

பூங்காவுக்குள் ஒரு ஹோட்டல் கப்பல் மாதிரி, இன்னொன்று அரண்மனை மாதிரி. அண்ணாச்சி கப்பலைப் பார்த்து நின்றார். "வெலிங்டன் தீவுல நெசக் கப்பல் நிக்கி. அதுல ஏற விடமாட்டான். இங்க தண்ணியே இல்லாத இடத்துல கப்பல்ல ஏற வா வான்னு கூப்பிடுதான். வேண்டாம். முங்கும்."

"அது சிமென்ட், அண்ணாச்சி."

"சிமென்ட்டுன்னா இன்னும் சீக்கிரம் முங்கும்."

அரண்மனைக்குள் போனோம். கழுத்தில் டை கட்டிய மேனேஜர் ஓடி வந்தார். அண்ணாச்சி முறைப்படி கேட்டார்: மேல் மாடியில் ஒரு அறை, நடு மாடியில் ஒரு அறை, தரைத்தளத்தில் ஒரு அறை. மூன்றையும் பார்க்க வேண்டும். மேனேஜர் பெரிய கூட்டம் வரப்போகிறது என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாவிக் கொத்தை எடுத்தார்.

மேல் மாடி அறையில் மெத்தையைக் கையால் அழுத்தினார். குனிந்து முகர்ந்தார். நாங்கள் தடுப்பதற்குள் இடுப்பிலிருந்து குத்தூசியை உருவி ஒரே குத்து. குழாய் வழியாக ஒரு கொத்துத் தேங்காய் நார் வந்தது.

"பாத்தியளா! மேல பஞ்சு, உள்ள நாரு! மூட்டை வாய் ஒண்ணு, அடி ஒண்ணு! நான் சொன்னேன்லா!"

"எந்தா சேட்டா ஈ செய்யுந்நது!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புதிய மெத்தையாணு! கயர் மெத்தை அப்படித்தான் இருக்கும். முதுகுக்கு நல்லதாணு!"

"முதுகு எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, சாக்கு ஓட்டையைக் கட்டைவிரலால் தேய்த்து மூடுவது போல மெத்தையைத் தேய்த்தார். சாக்கு மூடும். மெத்தை மூடுமா? என் வீட்டுக்காரர் தலையணையை நகர்த்தி மறைத்துவைத்தார்.

நடு மாடி அறைக்குப் போகுமுன் குத்தூசியை மதினி வாங்கி வைத்துக்கொண்டார். ஆகவே அங்கே மனிதர் படுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாக ராட்டினத்தில் சுற்றுகிறவர்களின் கூச்சல் கேட்டது. "பாரு, ஏறினவன் எல்லாம் எறக்கி வுடு எறக்கி வுடுன்னு கத்துதான். ஒருத்தனும் கேக்கல" என்றார். மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தரைத்தளத்து அறை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். நாங்கள் குறைக்காகக் காத்து நின்றோம். குறை வரவில்லை. இன்னும் காத்து நின்றோம். ஒரு குறட்டை வந்தது.

மேனேஜர் குழம்பிப்போனார். "அப்போ ரூம் வேணுமோ, வேண்டயோ?"

எழுப்பலாம் என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். மதினி குறுக்கே வந்து நின்றார். அந்த அம்மாள் அப்படி நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மூணு குத்து ஆச்சு" என்றார். "மூணாவதுக்கு அவிய வாயத் திறக்கல. சரக்கு தேறிட்டு. மூட்டைய எறக்குங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று நானும் மதினியும் வேனில் ஒளித்துவைத்திருந்த பைகள் உள்ளே வந்தன. எங்களுக்கு அடுத்த அறை.

சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ராட்டினத்தடிக்கு ஓடி வந்தார். "கலந்துட்டான் தங்கச்சி! என்னத்தையோ கலந்துட்டான்! நான் பகல்ல தூங்குத ஆளா?"

"எதுல அண்ணாச்சி கலந்தான்? நீங்க அங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்கலையே."

கொஞ்சம் யோசித்தார். "காத்துல. அந்த ஃபேன் காத்துல."

அதற்குள் மேலேயிருந்து ஒரு கை ஆடியது. மதினி ராட்டினத்தின் உச்சியில் இருந்தார். ராட்டினமும் வேண்டாம் என்ற மதினிதான். இறங்கியபோது நேராக நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சுத்துதுல்லா? சொன்னேன்லா?" என்றார் அண்ணாச்சி. "இனி அவன் மெத்தைக்குத்தான் போவ!"

"ஆமா. மெத்தைக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு மதினி நடந்தார்.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு நான் கதவைத் திறந்தேன். அண்ணாச்சி அவர்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காப்பித் தட்டு. எதிரே நரைத்த மீசை வைத்த ஹோட்டல்காரர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொண்டுவந்த காப்பியை அண்ணாச்சி மறுபடி மறுபடி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

"சேட்டா, காப்பிக்கு எந்தா குழப்பம்? அது ஒண்ணு பறயணும்."

"காப்பிக்கு ஒண்ணும் இல்ல. ஆறிட்டு. சூடா வேற கொண்டா."

"உள்ள கொண்டுபோய்க் கொடுக்கட்டே?"

"கதவத் தொட்டா கையி இருக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காப்பிக்காகத்தான் மதினி இவ்வளவு தூரம் வந்திருக்கு. அதுலயும் சந்தேகமா உங்களுக்கு?"

அண்ணாச்சி வாயில் விரலை வைத்தார். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியம் பேசுகிறவர் போலச் சொன்னார்: "சத்தம் போடாத தங்கச்சி. அவ தூங்குதா. நான் கண்ண மூடுன பொறவுதான் அவ படுப்பா, நான் முழிக்கையில அடுப்படில நிப்பா. இத்தன வருசத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்ல தெரியுமா?"

நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். மீசைக்காரர் தட்டை வாங்கிக்கொண்டு போய் மறுபடி சூடாகக் கொண்டுவந்தார். அந்தத் தடவை அவரே கால்விரலில் நடந்து வந்தார்.

வெயில் தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "இந்தாருங்க... விடிஞ்சிட்டா?" என்று தூக்கக் குரல் கேட்டது.

அண்ணாச்சி எழுந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு தட்டோடு உள்ளே போனார். தட்டு ஏந்திப் பழக்கமில்லாத கை, வாசலில் கொஞ்சம் காப்பியைச் சிந்திவிட்டது. யார் கண்ணிலும் படுமுன் நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.