தோற்கத் தெரியாத நாற்பத்து மூன்று பேர்

டொக். டொக். டொக்.

கல்வி அலுவலகத்தில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ரப்பர் முத்திரை விழுகிற சத்தம். இந்தப் பக்கம் பெஞ்சில், மடியில் பாதி திருத்திய நோட்டுக் கட்டோடு, கணக்கு ஆசிரியர் ஒன்றரை மணி நேரமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மாணவி. எந்தக் கணக்கையும் இரண்டு பக்கமும் சமமாகும்வரை விடமாட்டாள் என்பதால், வகுப்பில் அவளுக்குத் தராசு என்று பெயர்.

நடந்தது இதுதான். போன வருஷம் கல்வி அலுவலகம் கணக்கு ஆசிரியரை நான்கு மாதம் தெருநாய்க் கணக்கெடுப்புக்கு அனுப்பியது. எண்ணத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? அவர் சந்து சந்தாக நாய் எண்ணிக்கொண்டிருந்தபோது, அல்ஜீப்ரா தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் என்று அலுவலகம் நம்பியது. அல்ஜீப்ரா ஒத்துழைக்கவில்லை. பரீட்சை எழுதிய நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்து மூன்று பேர் ஃபெயில்.

மிகுந்த மனவேதனை அடைந்த அலுவலகம், "இயற்கணிதத்தில் வெற்றி தள்ளிவைக்கப்பட்டோருக்கான இரண்டாம் வாய்ப்புத் திட்டம்" ஒன்றை அறிவித்தது. ஃபெயில் என்ற சொல் பிள்ளைகளின் மனதைப் புண்படுத்துமாம்.

அறிவிப்பு வந்தது. திட்டம் வரவில்லை. அது வருவதற்குள் ஆசிரியர் ஒரு பெரிய தவறு செய்துவிட்டார். பள்ளி விட்ட பிறகு மூன்று மாதம், சாயங்காலம் தோறும், நாற்பத்து மூன்று பேருக்கும் முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர்களுக்கு அல்ஜீப்ரா வந்துவிட்டது.

பிறகுதான் திட்டம் வந்தது. அதில் சேர ஒரு தகுதித் தேர்வு. இருபதிலிருந்து முப்பத்து நான்குக்குள் மதிப்பெண் எடுப்பவரே பின்தங்கியவர், அவருக்கே இரண்டாம் வாய்ப்பு. நாற்பத்து மூன்று பேரும் எண்பதுக்கு மேல் எடுத்துத் தொலைத்தார்கள். தராசு தொண்ணூற்று ஐந்து. எல்லோர் பெயருக்கு எதிரிலும் "தகுதியற்றவர்" என்று முத்திரை விழுந்தது.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். "நான் இந்த நீராவி ரூமுல வெந்தது போதும். எம்பொண்ணு மாடியில ரத்தம் பாக்குற ரூமுல உக்காரணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அந்த ரத்தப் பரிசோதனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முப்பதாம் தேதி கடைசி. அல்ஜீப்ராவில் தேர்ச்சி கட்டாயம். இன்று பதினாறு.

கதவு திறந்தது. திட்ட அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"வாங்க சார். உங்களாலதான் எனக்குத் தலைவலி. இருபத்தியெட்டாம் தேதி மேலிடத்துப் பெரியவர் வந்து திட்டத்தைத் தொடங்கி வைக்கறார். வாய்ப்புக் குடுக்க ஒரு ஆளு இல்ல!"

"இவங்களுக்குத்தான் கணக்கு வருதே சார். பாஸ் போட்டுடலாமே?"

"எப்படிப் போட முடியும்? ஃபெயிலான பிள்ளைங்களாச்சே."

"அப்ப ரெண்டாவது வாய்ப்புக் குடுங்க."

"எப்படிக் குடுக்க முடியும்? எம்பதுக்கு மேல எடுத்த பிள்ளைங்களாச்சே."

தராசு எட்டிப் பார்த்தாள். "சார், நான் பாஸா, ஃபெயிலா?"

"நீ தகுதிக்கு மீறிய ஃபெயில்மா" என்றார் அதிகாரி, அன்பாகவே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மறுதகுதித் தேர்வுக்கு விதியில இடம் இருக்கு. திங்கட்கிழமை வெச்சுக்கலாம். பிள்ளைங்களைக் கொஞ்சம் சுமாரா எழுதச் சொல்லுங்க. நான் சொல்லல, விதி சொல்லுது."

"ரொம்ப மோசமா எழுதிட்டா?"

"இருபதுக்குக் கீழ போனா அடித்தளத் திட்டம். அது இன்னும் தொடங்கல. பாத்துத் தோக்கணும்."

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளைத் தேற்றிவிடுகிற வேலை பார்த்தவருக்கு, தோற்கச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பாதிப் படியில் தராசு உட்கார்ந்துவிட்டாள்.

"சார், மொத்தம் இருபத்தஞ்சு கேள்வி. சரின்னா நாலு மார்க், தப்புன்னா ஒரு மார்க் கழிப்பாங்க. விட்டுட்டு வந்தாலும் தப்புதான். சரியா எழுதறது எக்ஸ்னு வெச்சுக்கிட்டா, நாலெக்ஸ்ல இருந்து இருபத்தஞ்சு மைனஸ் எக்ஸைக் கழிக்கணும். அஞ்செக்ஸ் மைனஸ் இருபத்தஞ்சு. பத்துக் கேள்வி சரியா எழுதினா இருபத்தஞ்சு மார்க். ஒண்ணு முன்ன பின்ன ஆனாலும் மாட்டிக்க மாட்டோம்."

ஆசிரியருக்குக் கண் கலங்கியது. அவர் வாழ்நாளில் அல்ஜீப்ராவை இத்தனை அவசியமாக யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

"இதை மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்றார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்துத் தோற்றார்கள். தப்பு விடை எழுதுவதற்கு முதலில் சரியான விடை தெரிய வேண்டும் என்பதால், இருபத்தைந்து கணக்கையும் தனித்தாளில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பதினைந்தை ஒவ்வொன்றாகக் கெடுத்தார்கள். பதினோராவது விடையைக் கெடுக்கத் தராசுக்கு மனசே வரவில்லை. அத்தனை அழகாக வந்திருந்தது.

நாற்பத்து மூன்று பேரும் இருபத்தைந்து. அலுவலகம் ஆனந்தக் கூத்தாடியது. இத்தனை சீரான பின்தங்கலை எந்தப் பள்ளியிலும் கண்டதில்லை என்று கோப்பில் எழுதப்பட்டது.

மூன்று நாள் சிறப்புப் பயிற்சி தொடங்கியது. நடத்த வந்தவர் ஊக்கப் பேச்சாளர். நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்த அறையில், வாயோரம் மைக் மாட்டிக்கொண்டு பேசினார். முதல் நாள் எல்லோரையும் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைதட்டச் சொன்னார். இரண்டாம் நாள் கண்ணை மூடி ஒரு மலையை நினைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் பாடத்துக்கு வந்தார்.

"உங்க பயத்துக்கெல்லாம் காரணம் எக்ஸ்! அதைப் பாத்தாலே தப்புக்குப் போடற குறி மாதிரி இல்ல? இனிமே எக்ஸ் கிடையாது." கரும்பலகையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்தார். "மூணு சிரிப்பு ப்ளஸ் ரெண்டு! எப்படி இருக்கு?"

தராசு கையைத் தூக்கினாள். "அந்தச் சிரிப்போட மதிப்பு என்ன சார்?"

"மதிப்பைக் கண்டுபிடிக்கணும்னு ஏம்மா துடிக்கறே? சிரிப்பைச் சிரிப்பா பாரு!"

கடைசித் தேர்வில் அதே இருபத்தைந்து கேள்விகள். எக்ஸ் இருந்த இடத்திலெல்லாம் முகம் சிரித்தது. பிள்ளைகள் முகத்தை எக்ஸ் என்று நினைத்துக்கொண்டு கணக்கைப் போட்டார்கள். சராசரி தொண்ணூற்று ஐந்து.

இருபத்தெட்டாம் தேதி பெரியவர் வந்து, முடிந்துபோன பயிற்சியைத் தொடங்கி வைத்தார். மூன்றே நாளில் இருபத்தைந்திலிருந்து தொண்ணூற்று ஐந்து! பேச்சாளருக்கு ஆள் உயர மாலை. ஆசிரியருக்கு ஒரு கடிதம். ஒரு வெளியாள் மூன்று நாளில் சாதித்ததைத் தாங்கள் ஓராண்டில் ஏன் சாதிக்கவில்லை என்று விளக்கம் கோரியது.

ஆசிரியர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "தெருநாய்கள் மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு."

அலுவலகம் அந்தப் பதிலை முழுமனதோடு ஆராய்ந்தது. நகரசபைக் கணக்கோடு ஒப்பிட்டதில் நான்கு நாய்கள் குறைந்தன. யாரையும் ஒரே முயற்சியில் கைவிடுவதில்லை என்ற கொள்கைப்படி, அவருக்கும் இரண்டாம் வாய்ப்பு அளிக்கப்பட்டது. வரும் மாதம் முதல் நான்கு மாதம், மறுபடி நாய்க் கணக்கெடுப்பு.

தராசின் விண்ணப்பம் இருபத்தொன்பதாம் தேதி ஏற்கப்பட்டது. மறுநாள் அவளும் அம்மாவும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள்.

"அந்த மைக்கு போட்ட ஐயா மகராசனா இருக்கணும் சார். மூணே நாள்ல எம்பொண்ணைக் கரையேத்திட்டாரு."

"அம்மா! சொல்லிக்குடுத்தது இவருதான்" என்று மகள் அம்மாவின் கையைக் கிள்ளினாள்.

"சாரும் நல்லவருதான்டீ. யாரு இல்லேன்னா? ஆனா அவருகிட்ட மைக்கு இல்லையே."

வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இந்த வருஷப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். முன்னால் நின்ற தையல்காரர் முகமெல்லாம் சிரிப்பு.

"சார், இந்த வருஷமும் நாய் எண்ணப் போறீங்களாமே? கேட்டதும் வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு."

"ஏன்?"

"எம்பொண்ணு நேரா பாஸ் பண்ணா நாப்பதோ அம்பதோதான் சார் எடுப்பா. ஃபெயிலானா தொண்ணூத்தஞ்சு! நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. அவசரமே இல்ல. ஆனா ஒண்ணு சார், திரும்பி வந்து சாயங்காலத்துல கிளாஸ் கீஸ் எடுத்துக் கெடுத்துடாதீங்க."

மற்றவர்கள் அதுதானே என்று தலையாட்டினார்கள். தராசு ஆசிரியரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, நோட்டுக் கட்டை அவிழ்த்தார். திருத்தாமல் விட்ட பக்கத்தைத் தேடி எடுத்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, நான்காவது கணக்கில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போன இடத்தைச் சுழித்தார்.