கரடிக்குக் கை காட்டிய சிக்னல் அண்ணை

மொன்றியலில் ஓடுகிற எந்த வாகனமும் சிக்னல் அண்ணையின் அனுமதி இல்லாமல் நின்றதாகச் சரித்திரம் இல்லை. கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு குளிர்காலமாவது குடியிருந்திருக்க வேண்டும்.

அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. தரையிறங்கி வருகிற விமானத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளிலும் ஆரஞ்சு விளக்குக் குச்சி பிடித்து, 'வா, வா, கொஞ்சம் இடப்பக்கம், நில்' என்று காட்டுவது. நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு வருகிற மனிதர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. வேலையிடத்தில் கழித்துவிட்ட குச்சிகள் இரண்டைக் கேட்டு வாங்கிக் காருக்குள் வைத்திருந்தார். தெருவில் யார் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாலும் அண்ணை ஆஜர்.

ஒருநாள் பனி வழிக்கிற வண்டிக்கும் கை காட்டினார். அந்தச் சாரதி, பாவம், யாரோ நகரசபை அதிகாரி என்று நினைத்துச் சொன்னபடி கேட்டார். தெருப் பனி முழுவதும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் கார் மேல் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சில் அரை மணி நேரம் திட்டினார். போன்ஜூர், மெர்சி என்ற வணக்கமும் நன்றியும் தவிர அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு இடம், வலம், நில் என்ற மூன்று சொற்கள்தான். அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சமாளித்துவிட்டார்.

பக்கத்து நகரமான லவாலில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை மணவறைக்கு வருகிறார். அண்ணை எதிரே நின்று இரண்டு கையாலும் அழைத்து, சரியான இடம் வந்ததும் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். "இருங்கோ, இருங்கோ" என்று ஐயர் தொண்டை கிழியச் சொல்லியும், அண்ணை கையை இறக்கும்வரை மனிதர் உட்காரவேயில்லை.

செல்வி அக்கா அவருடைய மனைவி. அகதி வழக்கு, ஸ்பொன்சர் என்று இழுபட்டு, கலியாணமாகி எட்டு வருடம் கழித்துத்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். வேறு யாராவது என்றால் அன்றைக்கு லீவு போட்டுப் பூச்செண்டோடு வாசலில் நிற்பார்கள். அண்ணை மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அக்கா வந்த விமானத்தைத் தானே நிறுத்துகிற வேலையை வாங்கிக்கொண்டார். அக்கா அதை என்னிடம் இப்படிச் சொன்னார்: "ஜன்னலால எட்டிப் பார்த்தன் தம்பி. ஆரோ ஒரு விசரன் குச்சியை ஆட்டி ஆட்டி அழுறான். ஆர் பெத்த பிள்ளையோ, பாவம் எண்டு நினைச்சன்."

வந்து ஒரு வருடமாகியும் அக்காவுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. கதைக்க ஆளில்லை, கடையில் பேசுகிற பாஷை விளங்கவில்லை. ரொறன்ரோவில் இருந்த தமையன் தங்குவதற்கு அறையும் பேக்கரியில் ஒரு வேலையும் பார்த்து வைத்துவிட்டு, "வெளிக்கிடு, வெளிக்கிடு" என்று போனில் நெருக்கினார்.

"ஓகஸ்ட் முடிய நான் போறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ. இல்லாட்டி உங்கட பிளேனோடயே இருங்கோ" என்று அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் அண்ணையும் எத்தனை நாள் இங்கே தாக்குப்பிடிப்பார்? எதிர்க் கதவில் குடியிருந்த ஒண்டிக்கட்டையான நான், அவர்கள் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சோறு அவர்கள் வீட்டில்தான். ஆனால் சோறு மட்டும் காரணமில்லை.

அண்ணை என்னைப் படிக்கட்டில் பிடித்தார். "தம்பி, அவ இந்த நாட்டில கண்டது நிலக்கீழ் அறையில இருக்கிற உடுப்புத் தோய்க்கிற மெசினை மட்டும்தான். நாட்டைக் காட்டினா நிப்பா. காஸ்பேசிப் பக்கம் போவம். காட்டில கரடி இருக்காம், ஆத்தில சால்மன் மீன் துள்ளுமாம். கூடாரம் அடிச்சு இருப்பம். நீயும் வா."

"நான் என்னத்துக்கு அண்ணை?"

"ரெண்டு பேரும் தனியப் போனா கியூபெக் சிற்றியைத் தாண்ட முன்னமே சண்டை வந்திடும்."

போனோம். சென் லோரன்ஸ் ஆறு கடலாக விரிகிற கரையோரமாக ஒரு பகல் முழுக்க அண்ணையின் காரை நான்தான் ஓட்டினேன். வழியில் நிறுத்தின ஒவ்வொரு இடத்திலும் அண்ணை இறங்கி எனக்குக் கை காட்டினார். ஒரே ஒரு வண்டிகூட இல்லாத வெட்டவெளியிலும் காட்டினார். அக்கா பின் இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

கூடாரம் அடித்த இடத்தில் காட்டுக் காவல்காரி ஒருத்தி வந்து, சாப்பாட்டுச் சாமானை வெளியே வைக்காதீர்கள், வண்டிக்குள் பூட்டுங்கள், கரடி மணம் பிடித்து வரும் என்று எச்சரித்தாள். "வலப்பக்கம், மெர்சி" என்றார் அண்ணை தன் பிரெஞ்சில், பணிவாக. அவள் குழம்பிப்போய் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் முழுக்க ஆற்றுப் பாலத்தில் தவம் கிடந்தோம். சால்மன் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. அண்ணை பொறுமையிழந்து குச்சிகளை எடுத்து ஆற்றை நோக்கி 'வா, வா' என்று காட்டத் தொடங்க, சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் அவரைப் படம் பிடித்தார்கள்.

"மீன் பார்க்க இவ்வளவு தூரம் வரோணுமே? லவால் மீன்கடையில ஐசுக்கு மேல வரிசையாப் படுத்திருக்கு. கூப்பிடத் தேவையில்லை" என்றார் அக்கா. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலை, திரும்புகிற நாள். அக்கா காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டு, பாண் துண்டுகளுக்கு நடுவில் வைக்க, ரின்னில் அடைத்து வருகிற சால்மனை உடைத்து வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டினார். "இந்தாங்கோ, உங்கட சால்மன்" என்று அண்ணைக்கு வாயால் ஒரு குத்தும் விட்டார். வாசம் காடெல்லாம் போயிருக்க வேண்டும். மரங்களுக்கு இடையிலிருந்து கரடி வந்தது.

கறுப்பு. அமைதி. எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்தது. நானும் அக்காவும் இருந்த இடத்திலேயே இருந்தோம். அண்ணை மட்டும் பாய்ந்துபோய்க் குச்சிகளை எடுத்து, விளக்கைப் போட்டு, அக்காவுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் வீசினார். கரடி இரண்டடி முன்னே வந்தது. இன்னும் வீசினார். இன்னும் வந்தது.

"அண்ணை! வா எண்டெல்லோ காட்டுறியள்!"

"எனக்கு வேற தெரியாதடா! நான் வாற பிளேன் மட்டும்தான்! அனுப்புற ஆக்கள் வேற!"

"அப்ப நில் எண்டாவது காட்டுங்கோ!"

குச்சிகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கரடி நின்றது. லவால் மாப்பிள்ளையைவிட ஒழுங்காக நின்றது. ஆனால் நின்ற கரடியை அடுத்து என்ன செய்வது? அண்ணைக்குக் கைகளை இறக்கவும் பயம்.

அப்போதுதான் செல்வி அக்கா எழும்பினார். சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு அண்ணைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சூ! போ அங்கால! விடியக் காத்தால வந்திட்டார் சாப்பிட! போ எண்டுறன்!" என்று மூடியில் அடித்த அடியில் காடே அதிர்ந்தது. கரடி ஒரு கணம் யோசித்தது. பிறகு, சண்டை நடக்கிற வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி மெல்லத் திரும்பி வந்த வழியே போய்விட்டது.

அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"கரடியைக் கூப்பிட்ட மனுசன்! ஒண்டைப் போ எண்டு சொல்லத் தெரியாதே உங்களுக்கு?"

அண்ணை சிரிக்கவில்லை. குச்சிகளை அணைத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியாதப்பா. நான் ஒருத்தரையும் அனுப்பிப் பழகேல்லை. உம்மை மட்டும் எப்பிடி அனுப்புவன்?"

அக்காவின் சிரிப்பு நின்றது. நான் போய்த் தேவையில்லாமல் கூடாரத்தின் கயிற்றை அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று அக்கா சொன்னது மட்டும் கேட்டது.

திரும்பும்போது அண்ணை ஓட்டினார். வழியில் பெற்றோல் நிலையம் ஒன்றில் அக்கா சில்லறை வாங்கிக்கொண்டு டெலிபோன் கூண்டுக்குள் போனார். தமையனோடு நெடுநேரம் கதைத்தார். நாங்கள் இருவரும் வெளியே, பரீட்சை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

வந்தார். "கரடிக் கதையைச் சொன்னன், அவன் நம்பேல்லை. இனி ரொறன்ரோவுக்கு வரமாட்டன் எண்டன். அதை நம்பிட்டான், நல்லா ஏசுறான்" என்று சொல்லிவிட்டு, பின்னுக்குப் போகாமல், அண்ணைக்குப் பக்கத்து முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

சிக்னல் அண்ணையின் கைகள் இரண்டும் சும்மா தொங்கின. எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் என் தோளில் வைத்தார். அந்த மனிதர் எனக்கு இவ்வளவு வேண்டியவர் என்று அதுவரை எனக்கே தெரியாது.