சஹானாவும் ஒரு கிராம்பும்

கச்சேரியில் ‘ஆஹா’ சொல்வதற்காக வீட்டில் பயிற்சி எடுத்த ஆசாமி யாராவது உண்டா என்றால், உண்டு. நான்தான். செவிலிமேட்டு வீட்டின் சமையலறையில், குக்கர் விசில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வயலின் அம்மையாரை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கேசட்டில், பிறகு கைப்பேசியில். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களை அவருடைய சஹானா ராகத்தைக் கேட்டபடியேதான் திருத்துவேன். (அதில் சிலருக்கு இரண்டு மூன்று மதிப்பெண் கூடுதலாக விழுந்திருக்கும். நன்றியை அவருக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.) நேரில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சென்னையில் அவர் கச்சேரி என்றால் எனக்குப் பரீட்சை வேலை, மாமியாருக்குக் காய்ச்சல், ஏதாவது ஒன்று. அப்படிப்பட்டவர் சின்ன காஞ்சிபுரத்துக்கே வருகிறார் என்றதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என் கணவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுபவர். சங்கீதத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “நான் வெளிய வண்டியாண்ட நிக்கிறேன். நீ கேட்டுட்டு வாம்மா” என்றார். நான் விடவில்லை. இரண்டாவது வரிசையில் பக்கத்தில் உட்காரவைத்தேன். தொண்டை கரகரக்கக் கூடாதே என்று வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டேன். பின்வரிசையில் சிப்ஸ் பாக்கெட் பிரித்தவரைத் திரும்பி முறைத்தேன். வகுப்பில் பலிக்கும் முறைப்பு, அங்கும் பலித்தது.

மூன்றாவதாக அம்மையார் சஹானாவைத் தொட்டார். ஒரே ஓர் இழுப்புதான். இத்தனை வருடம் என் காதுக்குள் மட்டும் இருந்தது, கண்ணெதிரே ஒரு விரல் நுனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரத்திலும் ஒரு ரசிகை இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ‘ஆஹா’வுக்காக மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

‘ஆஹா’ வரவில்லை. கிராம்பு உள்ளே போனது.

பிறகு வந்ததை இருமல் என்று சொன்னால் இருமலுக்கே அவமானம். பாரம் ஏற்றிய பழைய லாரி மேட்டில் ஏறும் சத்தம் அது. மிருதங்கக்காரர் என்னையே பார்த்தார். (ஆலாபனை நேரம், அவருக்கும் வேறு வேலையில்லை.) சிப்ஸ்காரர் என் முதுகில் தட்டினார், சற்றுப் பலமாகவே. வில் நின்றது. அந்த அம்மையார் தன்னுடைய பிளாஸ்கைத் தம்பூராப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மைக்கிலேயே சொன்னார்: “மெதுவா குடிம்மா. நான் காத்திருக்கேன்.”

மண்டபமே காத்திருந்தது.

குடித்தேன். கிராம்பு வெளியே வந்தது, இருமல் போகவில்லை. அவரை இன்னும் ஒரு நிமிடம் காக்கவைக்க எனக்குத் தைரியமில்லை. பிளாஸ்கைக் கணவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்தார்.

“நீங்களாவது உக்காருங்க. ரெண்டு பேரும் போனா மரியாதையா இருக்காது” என்று இருமலுக்கு நடுவில் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

ஏசி மண்டபம். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே ஜெனரேட்டர். பத்து நிமிடத்தில் இருமல் அடங்கியது. ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. கதவில் காதை வைத்தேன். ஜெனரேட்டர்தான் கேட்டது. இந்நேரம் மேலே போயிருப்பார், இந்நேரம் இறங்கி வந்திருப்பார் என்று செருப்புகளுக்கு நடுவில் நின்று மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கைதட்டல் மட்டும் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

அவர் இப்போது வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போவதில்லையாம். எங்கள் வீட்டில் யாருக்குப் புரையேறினாலும் என் மகள் தம்ளரை நீட்டி, “மெதுவா குடிம்மா. நான் காத்திருக்கேன்” என்பாள். விருந்தாளிகள் இருந்தால் முழுக்கதையும் வரும். இருமிக் காட்டுவது என் பொறுப்பு. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் கணவரிடம் கேட்பேன்: “அந்த சஹானா எப்படிங்க இருந்துச்சு?”

முதல்முறை கேட்டதைப் போலவே ஒவ்வொரு முறையும் யோசிப்பார்.

“எனக்கு இன்னா தெரியும்? சுவிட்ச நிறுத்தின அப்புறமும் மோட்டாரு கொஞ்ச நேரம் சுத்திக்கினே இருக்கும் பாரு, அந்த மாதிரி. அவங்க வில்ல எடுத்துட்டாங்க. அது ஓடிக்கினேதான் இருந்துச்சு. யாரும் உடனே கை தட்டல.” பிறகு சொல்வார்: “நீ இருந்திருக்கணும்மா.”