நாலு நற்செய்தியாளர்களும் ஒரு பழைய காரும்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். வேதத்தைக் கேலி செய்கிறேன் என்று எங்கள் பங்குச்சாமியார் நினைத்துவிட்டால்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. புதுச்சேரியில், ஏன், உலகத்திலேயே எஞ்சினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரே மெக்கானிக் எங்கள் முத்தியால்பேட்டை பிஸ்தோன் முசேதான்.

பிஸ்டன் என்பதைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி மூக்கால் 'பிஸ்தோன்' என்பார். அதுவே பேராகிவிட்டது; 'முசே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. எந்நேரமும் பாதிக் கண் மூடியிருக்கும். கேட்டால், "தூங்கலப்பா, கேக்குறேன்" என்பார். நின்றுபோன எஞ்சின்மேல் காதை வைத்துக்கொண்டு!

என் மாமனார் விட்டுப்போன பழைய பிரெஞ்சு காரில் கோழிகள் குடியிருந்தன. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "எம்பொண்ணு எங்கப்பா கார்லதான் கோயிலுக்குப் போவணும்" என்று என் மனைவி அழுதாள். அதன் பிஸ்டன்கள் தேய்ந்துபோயிருந்தன, புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. முசே ஒரு பழைய ஜீப்பின் நாலு பிஸ்டன்களைத் துண்டில் சுற்றி, பச்சைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்.

"வேற வண்டிது இதுல சேருமா முசே?"

"வேற வூட்டுப் பொண்ணு உன் வூட்ல வந்து சேரல?" என்று என் மனைவியைக் காட்டினார்.

லேசில் சேரவில்லை. துளையில் நுழையவில்லை, துளையைக் கடைந்து பெரிதாக்கினார். நுழைந்ததும் மேலே தலை இடித்தது, தலையைச் சீவினார். பிறகு நாலுக்கும் தீர்த்தம் தெளித்து, நற்செய்தி எழுதிய நால்வரின் பெயரை வைத்தார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். நகைக்கடைத் தராசில் எடை பார்த்து, "லூக்காவுக்குத்தான் கொஞ்சம் தொப்பை" என்று அரத்தால் ராவினார். பிளக்குக்குப் போகும் ஒயர்களிலும் அந்தப் பெயர்களை எழுதி ஒட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி தூங்கும் பூனை மாதிரி உறுமியது.

கல்யாணத்தன்று காலை மகள் வெள்ளைப் புடவையில் ஏறி உட்கார்ந்தாள். முசே சாவியைத் திருப்பினார். டமார்! டமார்! கோழிகள் கூரை ஏறின. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஏசி கார் பின்னால் வந்து நின்றது. என் மனைவி ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

முசே பானெட்டைத் திறந்து பார்த்தார். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

"ஒயரை யாரு மாத்துனது?"

"நாந்தான் முசே" என்றாள் மனைவி. "நேத்து வண்டிக்குப் பூ கட்ட பானெட்டைத் தொறந்தப்ப பாத்தேன். மத்தேயு, லூக்கா, யோவான், மாற்குன்னு தப்பா இருந்துச்சு. மாற்கு ரெண்டாவதாச்சே! புடுங்கிச் சரியா சொருகிட்டேன்."

"வேதத்துல ரெண்டாவதுதாம்மா. இந்த எஞ்சின்ல அவரு கடைசியாத்தான் வெடிப்பாரு."

ஒயரை மாற்றிச் சொருகினார். பூனை மறுபடி உறுமியது.

அப்புறம் நடந்தது கனவு மாதிரி. கடற்கரைச் சாலையில் கார் மிதந்தது. உப்புக்காற்றில் மல்லிகைச் சரம் ஆடியது. வெள்ளைச் சுவர்கள் தாமாக நகர்ந்துபோவதுபோல் இருந்தது. ஓட்டியவருக்குப் பாதிக் கண்தான் திறந்திருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. "மத்தேயு, லூக்கா, யோவான், மாற்கு" என்று அவர் முணுமுணுக்க, பின்சீட்டில் என் மனைவியும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள், அப்பாவின் சீட்டைத் தடவியபடி.

இப்போது முசே இல்லை. கல்லறைத் திருநாளில் அவருக்கு நாலு மெழுகுவத்தி வைக்கிறோம். முதலாவது, மூன்றாவது, நாலாவது, அதற்கப்புறம்தான் இரண்டாவது. அப்படித்தான் என் மனைவி ஏற்றுகிறாள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வரிசையை மட்டும் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். அவர் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்.