மூக்கம்மா கையில் கட்டிய காப்பு

இந்தச் சங்கதியை எனக்கு முதலில் சொன்னது வடகவுஞ்சி சிவபாக்கியம். போன தை மாதம், பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேருமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சாமிக்கு நடக்கிறவர்கள் முன்னால் நின்று பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பி, அவள் சொன்னபடியே சொல்லுகிறேன்.

பூம்பாறையில் மூக்கம்மா என்று ஒருத்தி. பூண்டுக் காட்டில் குத்தவைத்துக் களையெடுத்தே வலது முழங்கால் தேய்ந்து போனவள். ஆனால் அம்மன் கோயிலில் திருவிழாவுக்குச் சாமி சாட்டி, முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்ட ஆரம்பித்துவிட்டால் அந்த வலி எங்கே போய் ஒளியுமோ தெரியாது. அவள் பாட்டெடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குக் கை எழும்பும். மகள் மகாராணி பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தபோது, "மூணு வருசம் உன்னையச் சுத்திக் கும்மி கொட்டுறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டாள். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

அந்த வருடம் பங்குனியில்தான் கொடைக்கானலில் ஒரு கல்லூரியிலிருந்து இந்து என்கிற ஆராய்ச்சி மாணவி வந்து இறங்கினாள். ஆராய்ச்சியின் பெயர், 'மலைக்கிராம மகளிரின் மூளை நரம்பு மண்டலத்திலும் பொது ஆரோக்கியத்திலும் தாளகதி சார்ந்த உடலசைவின் தாக்கம்.' ஆடினால் உடம்புக்கு நல்லதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்படி எழுதினால் பட்டம் தர மாட்டார்களாம்.

இருபது பெண்களைக் கூட்டிச் சீட்டுக் குலுக்கினார்கள். பத்துப் பேர் தினமும் லேப்டாப்பைப் பார்த்து ஆட வேண்டும். பத்துப் பேர் தொண்ணூறு நாளைக்கு ஆடவே கூடாது. பிறந்ததிலிருந்து ஒரு தாளத்தையும் சரியாகத் தட்டியறியாத பாண்டீஸ்வரிக்கு 'ஆடும் குழு' விழுந்தது. மூக்கம்மாவுக்கு 'ஆடாக் குழு.'

இந்து ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டினாள்.

"நாடித் துடிப்பெல்லாம் இதுல பதியும்மா. குளிக்கிறப்பக்கூடக் கழட்டக் கூடாது. நான் வந்துதான் அவுப்பேன்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இப்படிச் சொல்லிக் கையில் கட்டுகிற பொருள் பூம்பாறைக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். காப்பு. சாமிக்கு விரதம் பிடிப்பதுபோல் அன்றைக்கே இருபது வீட்டிலும் கறி, மீன் கவிச்சி நின்றது. வெள்ளனே தலை முழுகினார்கள். வெளியூரில் இராத் தங்கவில்லை, யாரையும் ஏசவில்லை. பன்னிரண்டு பக்கப் படிவத்தில் இதையெல்லாம் கேட்காததால் இந்துவுக்கு இது தெரியாது.

மூக்கம்மாவுக்கு ஒரு சந்தேகம். "பேத்தியத் தட்டித் தூங்க வைக்கலாமா தாயி?"

இந்து படிவத்தைப் புரட்டினாள். "தட்டலாம்மா. ஆனா தாளமில்லாமத் தட்டணும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் குழந்தையும் தூங்கவில்லை, மற்றவர்களும் தூங்கவில்லை.

சித்திரையில் சாமி சாட்டினார்கள். மூக்கம்மா பதறிக்கொண்டு இந்துவிடம் போனாள். "நேந்த கடன் கெடக்கு. ஒரு நாள் கும்மி கொட்டிக்கிறேன்."

இந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தங்க ஆடினாலும் என் மூணு வருசப் படிப்பு போயிரும்மா. குழுகிட்டக் கேட்டுப் பாப்போம்."

குழு என்றால் 'ஆய்வு நெறிமுறை மற்றும் அசைவுக் கண்காணிப்புக் குழு.' தலைவர் பேராசிரியர் தனசேகர். பத்து வருடமாகக் கழுத்து இடப்பக்கம் திரும்பாதவர். உறுப்பினர் டாக்டர் குமாரவேல். தீர்மானம் எழுதச் சிவராமன். மூக்கம்மா காலை பஸ் பிடித்துப் போய் நின்றாள்.

"கும்மி நடனமாம்மா, வழிபாடா?" என்றார் தனசேகர்.

"சாமி கும்பிடுறதுதாங்க."

"நடனம்னா நீங்க ஆடக் கூடாது. வழிபாடுன்னா அது எங்க துறையே இல்ல. அனுமதி கொடுக்க எங்களுக்கு அதிகாரம் கெடையாது. அனுமதி இல்லாம ஆடக் கூடாது."

"அப்ப ரெண்டுலயும் ஆடக் கூடாதுங்களா?"

"அவசரப்படாதீங்க. பாத்துத்தான் முடிவு பண்ணணும். ஆடிக் காட்டுங்க."

"ஆடலாமான்னு கேக்கத்தானுங்களே வந்திருக்கேன்!"

"ஆய்வுக் குழு முன்னால ஆடுறது ஆட்டமாகாது," என்று சிவராமன் விதியைப் படித்தார்.

"அது சரிங்க. ஆனா ஒத்தையில கும்மி கெடையாதுங்களே. வட்டம் வேணும்."

குழு கலந்தாலோசித்தது. ஆய்வின் நலன் கருதி மூன்று பேரும் எழுந்தார்கள்; இந்துவும் சேர்ந்தாள். முளைப்பாரிக்குப் பதிலாக நடுவில் டீ பிளாஸ்க்கை வைத்தார்கள். மூக்கம்மா பாட்டெடுத்தாள்.

"குனிஞ்சு கொட்டுங்க சார். அம்மன் மேல கோவமா? நல்லாக் குனிங்க!"

முதல் சுற்றில் டாக்டரும் சிவராமனும் முட்டிக்கொண்டார்கள். மூன்றாம் சுற்றில் தாளம் சேர்ந்தது. டீ ஆறிய பிறகும் யாரும் நிறுத்தவில்லை. இடப்பக்கம் நின்ற மூக்கம்மாவைப் பார்த்துத் தனசேகர் கழுத்தைத் திருப்பிச் சிரித்தார். ஆடும் குழுவிலும் ஆடாக் குழுவிலும் அவர் பெயர் இல்லாததால் அது பதிவாகவில்லை.

பிறகு உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்மானம் எழுதினார்கள்: 'கும்மி என்பது நடனமே என உறுப்பினர்கள் தம் சொந்த உடலால் ஐயமற உணர்ந்தனர். எனவே அனுமதி மறுக்கப்படுகிறது.'

மூக்கம்மா நினைத்திருந்தால் ஆடியிருக்கலாம். ஆனால் இந்துவின் முகத்தைப் பார்த்தாள். தன் மகளைப் போல இன்னொருத்தி பெற்ற மகள். ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்று சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

திருவிழா அன்று இருபது பேருக்கும் மூளையை அளக்கிற வயர் வைத்த தொப்பி மாட்டினார்கள். தொப்பிக்கு மேல் முளைப்பாரி நிற்காது. மூக்கம்மாவின் முளைப்பாரியை மகாராணி தூக்கினாள். பாண்டீஸ்வரி பாட்டெடுத்தாள், வட்டம் நாலாபக்கமும் இழுத்தது. மூக்கம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். கால் கட்டைவிரல் மட்டும் மண்ணில் தாளம் போட்டது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

ஆவணியில் முடிவு வந்தது. இருபது பேருக்கும் பிரஷர் குறைந்திருந்தது. ஆடின பாண்டீஸ்வரியின் மூளை சும்மா கிடந்தது. நின்ற மூக்கம்மாவின் மூளையோ தேர்த் திருவிழா சீரியல் லைட் மாதிரி எரிந்திருந்தது.

"ஆடாமையே சிறந்தது!" என்றார் தனசேகர்.

"அவங்க மனசுக்குள்ள ஆடியிருப்பாங்க சார்," என்றாள் இந்து.

"மனசு தலைப்புல இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப விடு."

இந்துவுக்குப் பட்டம் கிடைத்தது; மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். போன அவசரத்தில் பட்டையை அவிழ்க்கப் பூம்பாறைப் பக்கம் வரவில்லை. அவள் ஆராய்ச்சி முடிவை நம்பி இப்போது கொடைக்கானல் ஏரிப் பக்கத்து ரிசார்ட்டில் 'ஆடா நிலைப் பயிற்சி' நடக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வரிசையாக நிற்கிறார்கள். சொல்லிக் கொடுப்பது பாண்டீஸ்வரி. தாளமே வராதது அந்த வேலைக்குப் பெரிய தகுதியாம். அவள் பட்டையை வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் கத்தரித்துவிட்டு, ரிசார்ட் பட்டையைக் கட்டிவிட்டார்.

மூக்கம்மா கத்தரிக்க விடவில்லை. பூசாரி பெரியண்ணனும் சொல்லிவிட்டார்: "ஆடக் கூடாதுன்னு காப்புக் கட்டினவுக அவுக்காம நீ எப்பிடித்தா ஆடுவ?" தொண்ணூறு நாள் முடிந்து எத்தனையோ மாதம் ஆகிறது. பட்டையில் சார்ஜும் செத்துவிட்டது. மூக்கம்மா இன்னும் கவிச்சி தொடவில்லை. பேத்தியைத் தாளமில்லாமல்தான் தட்டுகிறாள். முழங்கால் வலி கூடிவிட்டது. நேர்ந்த கடன் அப்படியே கிடக்கிறது.

சிரிக்காதீர்கள். உங்கள் கையையும் ஒருமுறை பாருங்கள். நடந்த அடியை எண்ணட்டும், தூங்கின தூக்கத்தை எண்ணட்டும் என்று நீங்களாகக் கட்டிக்கொண்டது இருக்கிறதே, அதை யார் வந்து அவிழ்ப்பார்கள்? மூக்கம்மாவுக்காவது ஆள் பேர் தெரியும்.

அந்த இந்துவை எங்கேயாவது பார்த்தால், சித்திரைச் சாட்டுக்குள் வெரசா ஒரு எட்டு வந்து அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.