கேக்கின் மேல் படுத்துவிட்ட டைனோசர்

வேலம்பாளையம்,
20-5-1974

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சாமியப்பன் அவர்களுக்கு, குமாரசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே மனிதர், மாடு கன்று எல்லாம் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர. அங்கே தாங்களும் தங்கை சாரதாமணியும் குழந்தை வள்ளியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

குழந்தையின் பிறந்தநாளன்று கை நனைக்காமல் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி ஓடிவந்தவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது பேக்கரி நல்லானை நாலு கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னீர்களாம், தம்பி கந்தவேல் வந்து சொன்னான். தயவுசெய்து கேட்காதீர்கள். கேக் மட்டும்தான் அவர் செய்தது. அதன் மேல் இருந்த டைனோசரைச் செய்த பாவி நான்.

தை மாதம் இங்கே வந்திருந்தபோது வள்ளி படப்புத்தகத்தைக் காட்டி, "எனக்கு வளையல் வேண்டாம், இந்த டைனோசர் வெச்ச கேக்குதான் வேணும். வேற ஆரும் செய்யப்படாது, நீங்கதான் செய்யோணும் மாமா" என்று காதோடு சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவனுக்கு ஒரு மிருகத்தை வெட்டத் தெரியாதா என்று துணிந்து இறங்கினேன். நல்லான் சர்க்கரையைத் தூளாக்கி, பிசின் ஊறிய தண்ணீர் விட்டு, பச்சைக் கலர் சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து கொடுத்து, "கையில உருட்டிச் செய்யுங்க, கழுத்துக்குள்ள ஒரு குச்சியச் சொருகுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார், நான் கேட்டேனா? பழுப்புக் காகிதத்தில் அளவு வரைந்து, முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று பனியனுக்கு வெட்டுவதுபோல வெட்டி ஒட்டினேன். துணி சுருங்குமே என்று எப்போதும் கொஞ்சம் கூட்டியே வெட்டுகிற கை, கழுத்துக்கும் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டிவிட்டது. சர்க்கரை சுருங்காது, வைகாசி வெயிலில் இளகும் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? போதாக்குறைக்குப் பிடரியில் 85 என்று சைஸ் வேறு எழுதிவிட்டேன், பழக்கதோஷம்.

பஸ் அவிநாசி தாண்டும்போது டப்பாவைத் திறந்து பார்த்தேன், கழுத்து சாய்ந்திருந்தது. கருமத்தம்பட்டியில் தலை நெஞ்சில் கிடந்தது. பீளமேடு வந்தபோது நாலு காலும் அகன்று வயிறு கேக்கோடு ஒட்டிவிட்டது. பிறகு நடந்தது தாங்கள் அறிந்ததே. தங்கள் பெரியப்பா வெள்ளியங்கிரி கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, "ஏனுங்க, பல்லி உழுந்த பலகாரத்தையா கொழந்தைக்குக் குடுக்கறது?" என்றவர், பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொல்லி பல்லி விழும் பலன் பார்க்க உட்கார்ந்துவிட்டார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் எல்லாம் இருந்தது, கேக்கில் விழுந்தால் என்னவென்று இல்லை. நாற்பது பேரும் சிரித்தார்கள். "இத ஆருங்க செஞ்சது?" என்றார் பெரியப்பா. வள்ளி பெருமையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான், "பேக்கரிக்காரருங்க" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் சிரித்தது எனக்கு மறந்துபோகும், இது மறக்காது. வெட்கமாக இருக்கிறது, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் காது குத்தும்போது அவளை மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கில்லை. மாமன் மடிக்குக் கந்தவேலைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பாவிடமும் வந்திருந்த அத்தனை பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். வள்ளிக்கு ஆசீர்வாதம், அவள் கேட்டால் மட்டும் கொடுக்கவும்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத
குமாரசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வள்ளியின் கடிதத்தைக் கொடுத்தார். "மாமா, நீங்க செஞ்சதுன்னு நா ஆருகிட்டயும் சொல்லலை, அப்பாகிட்டக்கோடச் சொல்லலை. காது குத்தறப்ப நா அழுதா நீங்களும் ஆருகிட்டயும் சொல்லப்படாது" என்று எழுதியிருக்கிறாள். தபால்தலையை ஏற்கெனவே ஒட்டிவிட்டதால் மட்டுமே இதை அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்காததாக நினைத்துக் கிழித்துப் போடவும். டைனோசரைச் செய்தது நல்லான்தான், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். கந்தவேலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மடி என்னுடையது. அன்றைக்கு அவள் அழுதாளா என்று மட்டும் பிற்பாடு என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள்.