வெள்ளை மாட்டுக்குத் தெற்கே

இடது, வலது என்று உலகத்தில் இரண்டு பக்கங்கள் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் தொரை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், வாடகை வீட்டில் என்னோடு தங்கியிருந்தார். ரோடு போட நிலம் அளக்கும் சர்வேயர். மெஸ்ஸில் உட்கார்ந்தால், "சாம்பாரைக் கொஞ்சம் வடகிழக்கால ஊத்துங்க" என்பார். பரிமாறுகிறவர் வாளியோடு வாசலுக்குப் போய்ச் சூரியனைத் தேடுவார்.

தலையில் அகலத் தொப்பி, மனைவிக்குக் கையால் எழுதும் கடிதம். இந்த இரண்டாலும்தான் தொரை என்று பெயர். "அந்தக் காலத்துல வெள்ளைக்கார மிலிட்டரி சர்வேயர் இந்த மலையெல்லாம் அளந்துட்டு, கூடாரத்துல உக்காந்து சீமையில இருக்கிற பொண்டாட்டிக்கு எழுதுவானாம். நானும் அந்த வம்சம்" என்று பெருமை வேறு. இவருடைய சீமை கும்பகோணம்.

"போன் பண்ணித் தொலைய வேண்டியதுதானே சார்?" என்றேன்.

"போன்ல 'வரமாட்டேன்'னு வெச்சிடறா தம்பி. கடுதாசின்னா குறுக்கப் பேச முடியாது பாரு."

அந்த அம்மாவுக்கு இந்தப் பக்கம் என்றாலே பயம். குளிர், கன்னடம், தெலுங்கு, ஃபேக்டரிப் புகை. கல்யாணமானதிலிருந்து ஆளுக்கொரு ஊர். "அவ வரலேன்னா என்ன, ஊரை அவகிட்ட அனுப்பிடறேன்" என்று தொரை எழுதித் தள்ளினார். தளிப் பக்கமிருந்து இறங்கும் பனி, அதற்குள் மிதந்து வரும் ஷிப்ட் பஸ், ரோஜா வாசனை எல்லாம் தபாலில் போயின. வீட்டுக்கு வழியும் எழுதினார்: பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கார அக்காவைத் தாண்டி, புளியமரத்தடியில் வெள்ளை மாடு படுத்திருக்கும் இடத்தில் தெற்கே திரும்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அசையாத கல்லைத்தான் அடையாளம் வெக்கணும்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க? மாட்டை வெச்சிருக்கீங்களே!"

"கல்லைப் பாக்க எவளாவது வருவாளா?"

ஒருநாள் விடியற்காலை அந்த அம்மாவே போன் செய்தார். "ஓசூர்ல இறங்கிட்டேன். டவுன் பஸ் ஏறப்போறேன். யாரும் வர வேண்டாம், உங்க கடுதாசியை வெச்சே வர்றேன். வழி தப்பிச்சுன்னா அப்படியே ஊருக்குத் திரும்பிடுவேன்."

தொரைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மாட்டைப் போன வாரம்தான் குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றிருந்தார்கள். ரோடு நெடுகப் புளியமரம் வேறு.

"ஸ்டாப்புக்கே போயிடுவோம் சார்!"

"வரவேண்டாம்னுட்டாளே. போனா சண்டை. சண்டைன்னா அடுத்த பஸ்ல கும்பகோணம்."

நான் செருப்பை மாட்டுவதற்குள் மனிதர் வெள்ளை வேட்டியோடு ஓடிப்போய், மாடு படுத்திருந்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பனிக்குள்ளிருந்து அந்த அம்மா மெல்ல வந்தார். ஒரு கையில் பை, ஒரு கையில் கடிதம், தலையில் பூக்கார அக்காவிடம் வாங்கிய ரோஜா. ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார். கடிதத்தைப் பார்த்தார். தொரையைப் பார்த்தார்.

"வெள்ளை மாடு படுத்திருக்கும்னு எழுதியிருந்தீங்க. உக்காந்துல்ல இருக்கு?" என்றார்.

பிறகு யாரையும் கேட்காமல் தெற்கே திரும்பினார். தொரை பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

இப்போது அவர்கள் வேறு தெருவில் குடித்தனம். வீடு எனக்கே எனக்கு, அப்பாடா நிம்மதி என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சுத்தப் பொய். மனிதர் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. நேற்று மெஸ்ஸில் வாளி என் பக்கம் வந்தபோது, "கொஞ்சம் வடகிழக்கால" என்று சொன்னது என் வாய்தான்.